ஈயைக் கூப்பிட்ட சின்னம்மா

ரப்பர்ப் பாலில் ஒட்டிக்கொண்ட ஈ உடனே சாவதில்லை. ஓர் இறக்கை ஒட்டி மற்றொன்று விடுபட்டிருந்தால், அந்த ஒற்றை இறக்கையைக் கொண்டே அது மாலைவரை இரைந்துகொண்டிருக்கும். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லயத்துக்குப் பின்னால், வாத்துப்பட்டிகளின் மூங்கில் தடுப்புகளில் சாத்தி வைத்திருந்த பலகைகளில் பாலையும் சர்க்கரைத் தண்ணீரையும் கலந்து பூசியிருப்பார்கள். காலையில் வெள்ளையாக இருக்கும் பலகை நண்பகலுக்குள் கறுத்துவிடும். கிட்டே போய்க் காது கொடுத்தால் பலகையே முனகுவதுபோல இருக்கும். கையை வைத்தால் மரம் துடிப்பது தெரியும். உள்ளங்கையில் ஏறிய அந்தத் துடிப்பு, கையைக் கழுவிய பிறகும் கொஞ்ச நேரம் போகாது.

பாலோ என்ற ஊருக்குப் போகும் செம்மண் சடக்குப் பாதையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் தோட்டம். லயத்தின் முன்புறம் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம், பின்புறம் வாத்துப்பட்டிகள், அதற்குப் பின்னால் கழிவுநீர் ஓடும் ‘அல்லூர்’, அதையும் தாண்டினால் ரப்பர் மரங்கள் நிற்கும் கித்தாக்காடு. வீட்டுக்கு வீடு வாத்து இருந்தது. பழக்காலம் வந்து, டுரியான் தோலும் பலாச்சக்கையும் அல்லூரில் அழுகத் தொடங்கினால், ஈக்கள் எங்கிருந்துதான் வருமோ, சோற்றுத் தட்டைக் கையால் மூடிக்கொண்டு விரலிடுக்கில் எடுத்துத் தின்ன வேண்டியிருக்கும். ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருந்தார்கள். சிலர் வாத்து எச்சத்தின்மேல் அடுப்புச் சாம்பலைத் தூவினார்கள், சிலர் சுண்ணாம்பைக் கொட்டினார்கள். ஜாவாக்காரர்களிடம் பார்த்துக் கற்றுக்கொண்டு, எலுமிச்சை மணக்கும் ‘செரை’ப் புல்லைக் கொளுத்திப் புகை போட்டவர்களும் உண்டு. புகை போட்டால் ஈக்கள் பட்டியை விட்டு எழுந்து நேராக வீட்டுக்குள் வந்துவிடும். பிறகு வீட்டுக்குள் புகை போடுவார்கள்.

அந்த வருடம் ஆயாக்கொட்டகையில் விட்டுப் போகும் கைக்குழந்தைகளுக்குச் சீதபேதி கண்டது. சின்னஞ்சிறு குழிகள் சில வெட்டப்பட்டன. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ‘டிரெசர்’ மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு லயத்துப் பின்புறம் முழுவதும் நடந்து பார்த்தார். அடுத்த முறை தாம் வரும்போதும் இவ்வளவு ஈ இருந்தால் பட்டிகளுக்குத் தீ வைக்கச் சொல்லித் தொரையிடம் எழுதிக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மற்ற வீடுகளில் அது வருத்தமான செய்தி, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அப்படியில்லை. எங்கள் பட்டியில் இருந்த வாத்துகள் அம்மாவின் தங்கை அஞ்சலைச் சின்னம்மாவினுடையவை. ஆயர் ஈத்தாம் பக்கத்துத் தோட்டமொன்றில் காய்ச்சலில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, ஒரு துணி மூட்டையும் ஒரு கூடை வாத்துக் குஞ்சுகளுமாக அவள் எங்கள் வாசலில் வந்து நின்றபோது, ரப்பர் விலை விழுந்து, பேர் பதிந்த ஆட்களையே கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பேர் பதியாதவளுக்கு வேலையும் இல்லை, லயத்தில் இடமும் இல்லை. அப்பா கெட்டவர் அல்லர். அன்றைக்கு அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

“முட்டையை வித்து உன் சோத்துக்கு நீ பாத்துக்க, புள்ள. வாத்து இருக்கிற வரைக்கும் இரு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அது போச்சுன்னா கங்காணிகிட்டச் சொல்லிக் கப்பல்லதான் ஏத்தி விடணும். கோவிச்சுக்காதே.”

சின்னம்மா கோபித்துக்கொள்ளவில்லை. ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத வயதில் இங்கே வந்தவள் அவள். அங்கே அவளை இறக்கிவிட்டால் யார் வீட்டுப் பெண் என்று கேட்பதற்கும் ஆள் இல்லை. ஆகவே டிரெசர் திரும்பி வருவதற்குள் ஈக்கள் குறைந்தாக வேண்டும் என்பது மற்றவர்களுக்குச் சுத்தத்தைப் பற்றிய பேச்சாக இருந்தது. சின்னம்மாவுக்கு அது, இந்த மண்ணில் இருப்பதா இல்லையா என்பதாக இருந்தது.

அவள் சாம்பல் தூவவில்லை, புகையும் போடவில்லை. பால் பூசிய பலகையைத் தூக்கி அல்லூரில் எறிந்தாள். கம்பியை வளைத்து ஒரு கூடை பின்னி, பட்டிக்கு நடுவில் நட்ட கம்பத்தில், வாத்துகளின் தலைக்கு மேலே தொங்கவிட்டு, மீன்காரன் கழித்துப்போட்ட குடல்களை அதில் நிரப்பினாள். லயமே மூக்கைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தது. பக்கத்து வீட்டுப் பவுனு, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தடுப்பின்மேல் சாய்ந்து கேட்டாள்:

“என்னடி அஞ்சலை, ஈக்கெல்லாம் பந்தி வைக்கிறியா?”

“ஆமாண்டி, எலை போட்டாச்சு. நீயும் வந்து உக்காரு.”

“ஏன், உங்க மாமா இன்னும் சாப்பிடலையா?”

மாமா என்று அவள் சொன்னது என் அப்பாவை. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வாத்துகள் மிரண்டு கத்தின. பவுனுக்கு ஒரு நாளைக்கு ஒரு முறையாவது சின்னம்மாவைக் கேலி செய்யாவிட்டால் சோறு இறங்காது. சின்னம்மாவுக்கும் அப்படித்தான்.

சின்னம்மாவின் கணக்கு எளிமையானது. ஈயை விரட்டினால் அது வேறெங்கோ போய் முட்டையிடும். விரட்டாமல் ஒரே இடத்துக்கு அழைத்தால் எல்லாம் அங்கேயே முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு, கொழுத்ததும் மண்ணுக்குள் போய் ஈயாக மாறுவதற்காக நெளிந்து நெளிந்து கீழே விழும். கீழே மண் இருக்காது, வாத்தின் வாய் இருக்கும். “ஈக்கு நாளைங்கறதே அந்தப் புழுவுலதான்டா இருக்கு. அதை வாத்து தின்னுட்டா, நாளைங்கறதே இல்லாமப் போயிரும்ல?” என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். 

சொன்னபடியே நடந்தது. முதலில் எல்லாப் பட்டிகளின் ஈக்களும் எங்கள் கூடைக்கு வந்தன. கூடை கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு கறுப்பு உருண்டை காற்றில் தொங்கிக்கொண்டு இரைந்தது. பிறகு நாளாக நாளாக அந்த உருண்டை சிறுத்தது. அடுப்படியில் ஈ இல்லை, குழந்தைகளின் கண்ணோரத்தில் ஈ இல்லை. டிரெசர் வந்தார், கைக்குட்டையைக் கழற்றினார், கூடையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார். பட்டிகள் தப்பின. அன்றைக்குச் சின்னம்மா அரிசி மாவு கரைத்து வெல்லப் பணியாரம் சுட்டாள். ஓர் ஈகூட வந்து உட்காராத பணியாரம்.

ஆனாலும் அந்தப் பட்டிப் பக்கம் நண்பகலில் போக எங்களுக்குப் பயம். காரணம் வாத்துகள்தான். பசித்த வாத்து கத்தும், ஓடும், ஒன்றையொன்று கொத்தும். இவை அப்படிச் செய்யாமல், கூடைக்குக் கீழே வட்டமாக நின்று, கழுத்துகளை நேராக நிமிர்த்தி, அலகுகளைத் திறந்துவைத்துக்கொண்டு, எல்லாம் ஒரே இடத்தை அண்ணாந்து பார்த்தபடி, அசையாமல் காத்திருக்கும். தீபாராதனைக்குத் திரை விலகக் காத்திருப்பவர்கள் அப்படித்தான் நிற்பார்கள். மேலேயிருந்து ஏதோ ஒன்று சொட்டென்று விழும். ஓர் அலகு மூடும். மறுபடி நிசப்தம். “உச்சி வேளையில பட்டிப் பக்கம் போவாதீங்க” என்று பெரியவர்கள் சொல்லத் தொடங்கினார்கள். “ஈயைக் கூப்பிடுறவ” என்று யாரோ சின்னம்மாவுக்குப் பெயரும் வைத்தார்கள். அப்போது அது வெறும் கேலி.

பழக்காலம் முடியும் தறுவாயில் முனியாண்டிக்குப் பூசை வந்தது. எங்கள் தோட்டத்து எல்லையில், கித்தாக்காடு முடிந்து சதுப்பு தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய மரம். அதன் அடியில்தான் கிடா வெட்டுவார்கள். கறி எல்லா வீட்டுக்கும் பங்காகும். குடலும் மற்றக் கழிவும் பங்காகாது. அதை மரத்தடியில் ஒரு பள்ளத்தில் போட்டு இலை மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். அது அவர் பங்கு. நாய் தின்றாலும் பன்றி இழுத்தாலும் அது அவருக்கும் அவற்றுக்கும் உள்ளது, மனிதர் கை அதில் படக்கூடாது. தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். எல்லாருக்கும் தெரிந்திருந்த காரணத்தால் யாருமே அதைச் சின்னம்மாவிடம் சொல்லவில்லை. அவள் இருந்த தோட்டத்தில் முனி கிடையாது, மாரியம்மன்தான். அங்கே பொங்கல் வைப்பார்களே தவிர வெட்டு இல்லை.

நல்ல பொருள் வீணாகக் கிடக்கிறதே என்று அவள் ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தை எடுத்துக்கொண்டு போய் அள்ளி வந்துவிட்டாள். கூடையில் பழைய மீன்குடல் இன்னும் தீராமல் இருந்ததால், தகரத்தை மூடிப் பட்டியோரத்தில் வெயிலில் வைத்தாள். சில நாள் கழித்து அதை அவள் திறந்து கூடைக்கு மாற்றியபோது நான் பார்த்தேன். உள்ளே இருந்தது குடலாகவும் இல்லை, கறியாகவும் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு கூழ், நுரை பொங்கிக்கொண்டு.

அதற்குப் பிறகு ஒரு நாள், தோட்டத்துப் பள்ளிக்கூடம் விட்டு நண்பகலில் வந்துகொண்டிருந்தேன். லயத்தை நெருங்க நெருங்க ஏதோ ஒன்று குறைவது தெரிந்தது. என்னவென்று தெரியாமலே நடை தளர்ந்தது. வெயில் நேராகத் தலைக்கு மேல். கித்தா மரங்களுக்கு நிழலே இல்லை. பெரியவர்கள் எல்லாம் பால் நிறுக்கப் போயிருந்தார்கள். பட்டிப் பக்கம் திரும்பியபோதுதான் புரிந்தது. வாத்துச் சத்தம் இல்லை. ஈச் சத்தமும் இல்லை.

வாத்துகள் இருந்தன. எல்லாம் முட்டைக்கு அமர்வதுபோல ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. உடம்பு மட்டுந்தான் உட்கார்ந்திருந்தது. கழுத்து ஒவ்வொன்றும் நனைந்த கயிறுபோல முன்னால் நீண்டு மண்ணில் கிடந்தது. அலகுகள் மண்ணில் பதிந்திருந்தன. தண்ணீர்த் தொட்டியோரம் இருந்த ஒன்றின் தலை தண்ணீருக்குள் விழுந்து, அது மட்டும் செத்துப்போயிருந்தது. மற்றவை சாகவில்லை. கண்கள் திறந்திருந்தன. நான் இந்தப் பக்கம் நகர்ந்தால் அவை இந்தப் பக்கம் வந்தன. அந்தப் பக்கம் நகர்ந்தால் அந்தப் பக்கம். வேறு எதுவும் அசையவில்லை.

நடுவில் சின்னம்மா முழங்காலிட்டிருந்தாள். ஒரு கழுத்தைத் தூக்கிவிட்டாள். கையை எடுத்ததும் அது மெல்ல மடங்கிக் கீழே வந்தது. மறுபடி தூக்கினாள்.

“சின்னம்மா...” என்றேன்.

“கத்தாதே. அதுங்க கேட்டுக்கிட்டு இருக்கு” என்றாள்.

வேலை விட்டு வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தடுப்புக்கு வெளியே கூடினார்கள். பவுனுதான் முதலில் வாய் திறந்தாள். “ஐயையோ, கழுத்தெலும்ப உருவி எடுத்துட்டாரே!” என்றாள். யார் என்று அவள் சொல்லவில்லை. பூசை செய்யும் கிழவர், தகரத்தைக் காலால் தள்ளி, மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சின்னம்மாவைக் கேட்டார்:

“இது எங்க எடுத்த?”

“மரத்தடியிலங்க. சும்மாத்தான கெடந்துச்சு.”

தடுப்புக்கு வெளியே நின்றவர்கள் எல்லாரும், யாரும் சொல்லாமலே, ஒரே சமயத்தில் பின்னால் நகர்ந்தார்கள். காய்ந்த இலைகள் அவர்கள் காலடியில் நொறுங்கிய சத்தம் மட்டும் கேட்டது.

“பொழுது சாயறதுக்குள்ள அத்தனையையும் எல்லைக்குக் கொண்டுபோய்ப் பொதைச்சிடணும். அவரு பங்கு அவருகிட்டப் போயிடணும். இல்லேன்னா வாத்தோட நிக்காது” என்றார் பூசாரி.

“உசுரு இருக்குதுங்களே. உசுரோட எப்படிங்க பொதைக்கிறது?” என்றாள் சின்னம்மா.

“உசுரு எங்க இருக்கு?” என்று அப்பா கத்தினார். “தலையே நிக்கல, உசுராம்!”

“கண்ணு பாக்குது, மாமா. இங்க வந்து பாருங்க. உங்களத்தான் பாக்குது.”

அப்பா வந்து பார்க்கவில்லை. புதைக்க வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் அவற்றைத் தொடுவதற்கு ஒருவரும் இல்லை. அதனால்தான் அவை புதைக்கப்படவில்லை. கூட்டம் கலைந்த பிறகு, சின்னம்மா காதில் விழும்படியாகவே அப்பா அம்மாவிடம் சொன்னார்: “நாளைக்குக் கங்காணியப் பாக்கறேன். அடுத்த கப்பலுக்கு இவ பேரையும் சேத்துக்கச் சொல்றேன்.” 

சின்னம்மா அந்தக் கூடையைத் தானே அவிழ்த்துத் தூரத்தில் கொண்டுபோய்ப் புதைத்தாள். சாக்குகளைக் கட்டிப் பட்டிக்கு நிழல் போட்டாள். ஒவ்வொரு வாத்தின் தலைக்கும் தேங்காய் மட்டையை அண்டை கொடுத்து, பால் மரத்தில் கட்டும் ‘மங்கு’ ஒன்றில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, விரலை நனைத்து அலகோரத்தில் ஒவ்வொரு சொட்டாக விட்டாள். ஒன்று முடிந்தால் அடுத்தது. கடைசி வாத்து முடிந்தால் மறுபடி முதல் வாத்து. தலையில் துணியைப் போட்டுக்கொண்டு அவள் அப்படித் தவழ்ந்து தவழ்ந்து போவதைத் தூரத்திலிருந்து பார்த்தால் மனுஷியாகவே தெரியாது. அம்மா வேலையிலிருந்து வந்ததும் தண்ணீர் வாளியை நிரப்பித் தடுப்போரம் வைத்துவிட்டு வந்துவிடுவாள். சில வாத்துகள் செத்தன. செத்தவற்றைச் சின்னம்மா எல்லைக்கே கொண்டுபோய்ப் புதைத்து வந்தாள். யாரும் அவளுக்கு வழிவிட்டு நிற்கவில்லை. அவள் வரும் வழியில் யாரும் நிற்பதே இல்லை.

பிறகு ஒரு நண்பகலில் ஒரு தலை எழும்பியது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிடாரன் கூடையைத் திறந்ததும் பாம்பு எழுவதுபோல, தள்ளாடி, விழுந்து, மறுபடி எழுந்து, நடுங்கிக்கொண்டு நின்றது. மறுநாள் இன்னும் சில. கடைசியில் பட்டியில் பாதிக்கு மேல் எழுந்துவிட்டன. நாங்கள் சந்தோஷப்பட்டிருக்கலாம். ஆனால் எழுந்தவை இரை தேடவில்லை, கத்தவில்லை. முன்பு போலவே வட்டமாக நின்று, கழுத்தை நிமிர்த்தி, அலகைத் திறந்து, கூடை தொங்கிய இடத்தை அண்ணாந்து பார்த்தன. அங்கே கூடை இல்லை. வெறும் வானம்தான் இருந்தது.

அப்பா அதைப் பார்த்துவிட்டு நேரே போய்த் தலைக்குக் குளித்தார். அன்று சாப்பிடும்போது, “உன் தங்கச்சிக்குச் சோறு போட்டியா?” என்று அம்மாவை மெதுவாகக் கேட்டார். அதற்கு முன் அவர் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. கங்காணியிடம் போனதாகவோ, கப்பலைப் பற்றியோ அப்புறம் பேச்சே இல்லை. சின்னம்மாவின் இடம் உறுதியாகிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. அந்த வயதில் எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

கூடை போனதும் ஈக்கள் திரும்பி வந்தன. ஈக்களோடு சீதபேதியும் வந்தது. ஒரு நாள் பவுனு, குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, தடுப்பைத் திறந்து பட்டிக்குள் வந்தாள். அன்றைக்கு அவள் முகத்தில் கேலி இல்லை. வாத்துகளுக்கு நடுவில், எச்சமும் சாம்பலுமான அந்த மண்ணில், சின்னம்மாவின் மடிக்கு முன்னால் குழந்தையைக் கிடத்தினாள்.

“அஞ்சலை, தலை நிக்க மாட்டேங்குது” என்றாள்.

“பைத்தியமாடி உனக்கு? டிரெசர்கிட்டத் தூக்கிட்டுப் போ.”

“போயிட்டுத்தான் வரேன். கையை விரிச்சுட்டாரு.” பவுனு குழந்தையின் இமையை விரலால் தொட்டுக் காட்டினாள். “கண்ணு பாக்குது பாரு. கண்ணு பாக்குதுன்னு நீதான சொன்ன?”

சின்னம்மா குழந்தையை மடியில் எடுத்துக்கொண்டாள். வாத்துகளுக்கு நனைத்த அதே விரல்தான். வடித்த கஞ்சித் தண்ணீரில் உப்பைப் போட்டு, ஒரு சொட்டு, பிறகு ஒரு சொட்டு. வேறு எதுவும் அவளுக்குத் தெரியாது. அதைத்தான் பவுனிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள்: “எனக்கு ஒண்ணும் தெரியாதுடி. தண்ணிதான் விடறேன். வெறும் தண்ணிதான்டி.” பவுனு கேட்டுக்கொண்டே கும்பிட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

குழந்தை பிழைத்துக்கொண்டது.

அடுத்து வந்த நாள்களில் பட்டித் தடுப்பில் யாரோ ஒரு மஞ்சள் துணியைக் கட்டியிருந்தார்கள். பிறகு இன்னொன்று. காலையில் எழுந்து பார்த்தால் தடுப்போரம் எலுமிச்சம்பழம் இருக்கும், வெற்றிலை இருக்கும். வைத்தவர் யாரென்று தெரியாது. எலுமிச்சம்பழத்தின்மேல் ஈ மொய்த்துக்கொண்டிருக்கும். யாரும் அவற்றை விரட்டுவதில்லை, அவை சின்னம்மா கூப்பிட்டு வந்தவை என்று நினைத்தார்களோ என்னவோ. தண்ணீர்க் குழாயடிக்குச் சின்னம்மா போனால் பேச்சு நின்றுவிடும், குடங்கள் விலகும். அவளை அஞ்சலை என்று கூப்பிட ஆள் இல்லை. “அந்தம்மா” என்றார்கள். அப்பா அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டார்.

ஒரு மாலையில் அவள் துணி மூட்டையைக் கட்டினாள். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்பா வாசலில் நின்று, “இங்கயே இருங்க, உங்கள யாரு போகச் சொன்னா?” என்றார். மனைவியின் தங்கையை அவர் அப்படி மரியாதையாகப் பேசி நான் கேட்டதில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அக்கா, பவுனு என்னைக் கேலி பண்ணி எவ்வளவு நாளாச்சு, கவனிச்சியா?” என்றாள் சின்னம்மா. “இன்னும் எத்தனை புள்ளைங்களத் தூக்கிட்டு வருவாங்களோ. ஏதாவது ஒண்ணு என் மடியில செத்துதுன்னா? அன்னைக்கு என்னை என்ன பண்ணுவாங்கன்னு நெனச்சுப் பாத்தியா? அதுக்கு முந்தியே போயிடறேன். இவங்க பயம் போகட்டும், வந்துடறேன்.”

செனாய்ப் பக்கம் அன்னாசித் தோட்டத்தில் களையெடுக்க ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு அங்கே போனாள். வாத்துகளை விட்டுவிட்டுப் போனாள். அவற்றுக்கு யாரும் இரை போடவில்லை, யாரும் அவற்றைப் பிடிக்கவுமில்லை. அல்லூரைத் தாண்டிச் சதுப்புக்குள் அவை ஒவ்வொன்றாக நடந்து போயின.

இன்று நான் அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் உதவி வாத்தியார். எங்கள் குடும்பத்தில் எழுத்தறிந்த முதல் ஆள் நான்தான். லயங்களை இடித்துப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். பின்புறம் சிமெண்டு அல்லூர். வாத்துப்பட்டி வைக்கக்கூடாது என்று உத்தரவு. ஆள் வந்து பூச்சிக்கு எண்ணெய் தெளித்துவிட்டுப் போகிறான். பால் பூசிய பலகையும் செரைப் புகையும் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. சோற்றுத் தட்டைக் கையால் மூடிக்கொண்டு தின்னும் வழக்கமும் போய்விட்டது. பட்டிகள் இருந்த இடத்தில் மரவள்ளி நட்டிருக்கிறார்கள்.

வாத்தியார் பயிற்சிக்குப் படித்தபோது கோழி வளர்ப்பைப் பற்றிய ஒரு புத்தகம் கையில் கிடைத்தது. காற்றுப் புகாமல் அழுகும் இறைச்சியில் ஒரு விஷம் உண்டாகிறது என்றும், அந்த இறைச்சியில் நெளியும் புழுவைத் தின்னும் பறவைகளுக்குக் கழுத்து நிற்காமல் போகும் என்றும், கொஞ்சமாகத் தின்றவை சில நாளில் தாமாகவே தேறுவதும் உண்டு என்றும் அதில் போட்டிருந்தது.  மூடிய தகரம், வெயில், நுரை. முனி இல்லை, பங்கு இல்லை, ஒன்றும் இல்லை. விடுமுறை விட்டதும் முதல் வேலையாகச் செனாய்க்குப் போனேன்.

சின்னம்மா அன்னாசிக் காட்டில் முள் கீறிய கைகளோடு நின்றிருந்தாள். வரப்பில் உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, “அப்ப, நான் தண்ணி விடாம இருந்திருந்தாலும் அதுங்க எந்திரிச்சிருக்குமா?” என்று கேட்டாள்.

புத்தகத்தில் அது இல்லை. “தெரியல, சின்னம்மா” என்றேன்.

அவள் தன் விரலைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். “சரி, இதைப் போய் அவங்ககிட்டச் சொல்லு. பவுனுகிட்ட மொதல்ல சொல்லு. அவ நம்பிட்டா எல்லாரும் நம்புவாங்க. நம்பிட்டாங்கன்னா ஒரு வார்த்தை எழுதிப் போடு, நான் அக்காகிட்டயே வந்துடறேன்.”

நான் அவளை அழைத்து வருவேன் என்று நம்பி அம்மா அவளுக்கென்று ஒரு புதுப் பாய் வாங்கி உள்ளே விரித்து வைத்திருந்தாள். தோட்டத்துக்குத் திரும்பிய அன்றே பவுனு அக்காவை வீட்டுக்குக் கூப்பிட்டு, அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புத்தகத்தை விரித்துப் படம் காட்டிச் சொன்னேன். விஷம் எப்படி உண்டாகிறது, புழு அதை எப்படிச் சுமக்கிறது, தேறுவது எப்படி, சீதபேதிக் குழந்தைக்குக் கஞ்சித் தண்ணீர் எப்படித் தெம்பு கொடுக்கும், எல்லாம். பவுனு அக்கா நல்ல பிள்ளைபோல ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

“அப்ப மருந்து, மந்திரம் ஒண்ணும் இல்லேங்கற?”

“ஒண்ணும் இல்லக்கா. அவங்க விட்டது வெறும் தண்ணிதான்.”

அவள் வாசற்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

“எந்தக் கெணத்துத் தண்ணி, தம்பி?”

அம்மா எழுந்து உள்ளே போனாள். பாயைச் சுருட்டும் சத்தம் கேட்டது.